முப்பத்திரண்டாவது வீடு

பிட்ஸ்பர்க்
7 அக்டோபர் 2018

அன்புள்ள ராய்ஸ் அண்ணாவுக்கு,

நான் சுகம். திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் இடது கண் இமை மட்டும் துடிக்கிறது. நீயும் டாட்டி அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? மலையில் உறைபனி இறங்கிவிட்டதா?

உன் பதினோரு வருட நோட்டுப் புத்தகங்களை ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டார்கள். கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்கு அது தங்கச் சுரங்கம். பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் எந்தச் சாமான் எந்த நேரத்தில் ரேடியோ இரைச்சல் போட்டது என்று தேதி வாரியாக இருக்கிறது. என் கணினி நிரலுக்கு அதுதான் பாடப்புத்தகம். தொலைநோக்கியில் விழும் ஒவ்வொரு துடிப்பும் மண்ணிலிருந்து வந்ததா, விண்ணிலிருந்து வந்ததா என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நம் பழைய வேட்டை நாயின் பெயரையே வைத்துவிட்டேன்: பிஸ்கட்.

பக்கத்து மேஜை ஒக்ஸானாவிடம் உன் வேலையைச் சொன்னேன். அண்டெனா வைத்த வண்டியில் ஊரைச் சுற்றி, தொலைநோக்கியின் காதில் இரைச்சல் விழாமல் காவல் காக்கிறவர் என்றேன். அங்கே கைபேசி இல்லை, கம்பியில்லாத சாமான் எதுவுமே கூடாது என்றதும் வாயைப் பிளந்தாள். "அப்ப உங்க அண்ணனோட எப்படித்தான் பேசுவே?"

"தபால்தலை ஒட்டித்தான். வீட்டு போன் இருக்கு. ஆனா போன்ல 'ம்', 'சரி' ரெண்டுதான் வரும். பேனாவை எடுத்தாத்தான் அண்ணன் வாய் திறப்பாரு."

ஒரு சந்தேகம். 'கோழிக்கூண்டு, அதே கதை' என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். என்ன கதை?

பாசத்துடன்,
கோரா

•

21 அக்டோபர் 2018

அன்புத் தங்கை கோராவுக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. கண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. முதல் உறைபனி செவ்வாய்க்கிழமை விழுந்தது.

கோழிக்கூண்டு ஹோபர்ட்டுடையது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. குளிர் தொடங்கியதும் கூண்டுக்குள் ஒரு சூட்டு விளக்கைத் தொங்கவிடுவான். அதன் சுவிட்ச் பொறி தட்டும், என் வண்டி மீட்டரில் முள் துள்ளும். போய்க் கதவைத் தட்டினால் வருஷா வருஷம் ஒரே வசனம்: "என் கோழிக்குக் குளிருது ராய்ஸ். உன் நட்சத்திரத்துக்கென்ன, அது எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு?" புது சுவிட்ச் மாட்டிவிட்டு வருவேன். அடுத்த வருஷமும் மலிவாக ஒன்று வாங்கி மாட்டுவான். போன மாதம் பாதிரியார் வீட்டு முதுகுச் சூட்டு மெத்தை. அவர் அதைக் கொடுக்க மாட்டேன் என்று பைபிள் வசனம் சொன்னார். நானும் ஒன்று சொன்னேன். மெத்தை இப்போது என் அலமாரியில்.

பிஸ்கட் என்று பெயர் வைத்தாயா? முயலைத் துரத்து என்றால் தபால்காரரைத் துரத்திய நாய் அது. கவனமாக இரு.

உன் அண்ணன்,
ராய்ஸ்

கோரா, பேரிக்காய் ஜாம் ரெண்டு பாட்டில் அனுப்பியிருக்கேன். கிடைச்சுதா? மூடி இறுக்கமா இருக்கும், வெந்நீர்ல காட்டித் திற. – டாட்டி

•

பிட்ஸ்பர்க்
18 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

ஜாம் கிடைத்தது அண்ணி. ஒரு பாட்டிலை ஒக்ஸானா ஒருத்தியே காலி செய்துவிட்டாள். உடம்பு தேவலை, கண் துடிப்பும் நின்றுவிட்டது.

பிஸ்கட் நன்றாகப் படிக்கிறது. ஹோபர்ட்டின் கோழி விளக்கை ஆயிரம் துடிப்புகளுக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது? சுவிட்சின் பொறியையா, கோழி சிறகடிப்பதையா? கேட்டால் சொல்லாது. மண் அல்லது விண், இரண்டில் ஒன்றைச் சொல்லும். அதற்கு அது எத்தனை உறுதி என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். அவ்வளவுதான்.

நன்றி நவிலல் நாள் விருந்துக்கு இந்த முறை என்னால் வர முடியாது அண்ணா. ஆகஸ்டில் என் வேலை முடிகிறது. இது மூன்றாவது தற்காலிக வேலை, மூன்றாவது ஊர். வயது முப்பத்தாறு. நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டால் "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல சல்லடை செய்தேன் என்றால் யாருக்கும் போதவில்லை. சல்லடையில் என்ன தங்கியது என்று காட்ட வேண்டுமாம்.

வான்கோழியில் என் பங்கை ஹோபர்ட்டுக்குக் கொடு.

கோரா

•

9 டிசம்பர் 2018

அன்புள்ள கோரா,

நலம். பனி முழங்கால் வரை.

வேலை அதிகம். பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன், காற்று அடிக்கிறது. ஒரு வாணலி கருகிப்போய்த் தூக்கி எறிந்தோம். வேறு செய்தி இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டாம், மலைப்பாதை மோசம்.

ராய்ஸ்

கோரா, பேரிக்காய் ஜாம் ரெண்டு பாட்டில் அனுப்பியிருக்கேன். கிடைச்சுதா? – டாட்டி

•

பிட்ஸ்பர்க்
20 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்: சுகமா? அண்ணியிடம் சொல், ஜாம் அக்டோபரிலேயே வந்துவிட்டது, நவம்பரிலேயே பதிலும் எழுதிவிட்டேன். ஞாபகமறதிக்கு அபராதம் இன்னும் இரண்டு பாட்டில்!

பிஸ்கட் ஒன்றைப் பிடித்திருக்கிறது.

குளிர்காலம் முழுக்க நம் தொலைநோக்கி, முறை கிடைக்கும் நாட்களில், விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை வானத்தில் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மூலையிலிருந்து ஒன்பது துடிப்புகள், ஒன்பதும் ஒரே ஜாடை. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம். விசில் இறங்குவது போல மேலிருந்து கீழே இறங்குகிறது. வெகுதூரம் கடந்து வரும் துடிப்பு அப்படித்தான் இறங்கும். பிஸ்கட் அதற்கு 'விண்' என்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போட்டது. இதற்குமுன் எதற்கும் எண்பதைத் தாண்டியதில்லை. அங்கே என்ன இருக்கிறது அண்ணா? செத்த நட்சத்திரமா? இரண்டு மோதிக்கொள்கின்றனவா? யாருக்கும் தெரியாத ஒன்றை நான் ஒருத்தி மட்டும் ஆறு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். தூக்கமே இல்லை.

ஏப்ரல் 11 அன்று கலிபோர்னியாவில் எனக்கு நேர்முகம். நிரந்தர வேலை. இது நிஜமானால் அது எனக்குத்தான் என்கிறார் எங்கள் பேராசிரியர். கூடவே முகத்தில் அடித்த மாதிரி ஒரு நிபந்தனை: "பள்ளத்தாக்கைச் சுத்தமாத் தேடிட்டோம்னு உங்க அண்ணன் எழுதிக் கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும்."

நீ தேடித் தருவாயா?

கோரா

•

12 பிப்ரவரி 2019

அன்புள்ள கோரா,

கடிதம் வந்து நாளாகிவிட்டது. பிப்ரவரி 5, 6, 7 மூன்று நாளும் காய்ச்சலில் வீட்டிலேயே படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை.

நீ கேட்டபடி தேடினேன். முப்பத்தொரு வீடு, இரண்டு தேவாலயம், பள்ளிக்கூடம், மரம் அறுக்கும் ஆலை. நீ சொன்ன மாதிரி எதுவும் அங்கே இல்லை. நோட்டில் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு நிலையத்தில் கொடுத்துவிட்டேன்.

டாட்டி சுகம்.

ராய்ஸ்

•

பிட்ஸ்பர்க்
3 மார்ச் 2019

அன்புள்ள அண்ணா,

காய்ச்சல் முழுக்க விட்டதா? அண்ணி ஏன் கடிதத்தின் அடியில் ஒரு வரிகூட எழுதவில்லை? அபராதம் என்று கேலி செய்ததில் கோபமா? மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் அறிக்கையைப் பார்த்ததும் பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது பத்தொன்பது துடிப்புகள். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது, நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயர் முதலில் வருகிறது. ஒக்ஸானா பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் நட்சத்திரம் சனி, ஞாயிறு லீவு எடுக்குதேடி, சர்ச்சுக்குப் போகுதா?" என்று சிரித்தாள். வார இறுதியில் தொலைநோக்கி குறைவாகத்தான் அந்தப் பக்கம் பார்க்கிறது, அதனால்தான் என்று பதில் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் உறுத்தியது. கட்டுரை வேலையில் அதை மறந்துவிட்டேன்.

எழுது அண்ணா. உன் கடிதங்கள் ரொம்பச் சிறுத்துவிட்டன.

கோரா

•

பிட்ஸ்பர்க்
17 மார்ச் 2019

அண்ணா,

பதில் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்தோம். தொலைநோக்கியின் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை, அது உலக நேரம் காட்டுவது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து துடிப்புகள் வந்தன. ஐந்தும் முன்பைவிட ஒரு மணி நேரம் சீக்கிரம்.

நட்சத்திரத்துக்கு யார் கடிகாரத்தைத் திருத்தி வைத்தது?

இரண்டு நாள் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டில் எழுந்து காபி போடும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறது. அது மனிதன் அண்ணா. வேலை நாட்களில் காலை ஆறரைக்கு எதையோ செய்கிற மனிதன். ஜனவரியிலேயே நேரத்தைப் பார்த்திருக்கலாம், சனி ஞாயிறைப் பார்த்திருக்கலாம். பார்க்க மனம் வரவில்லை. பிஸ்கட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நோட்டில் இருப்பது மண், இல்லாதது விண் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? யாராவது ஒன்றை எழுதாமல் விட்டால் அது நேராக வானத்துக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் துடிப்பு வராத வேலை நாட்கள் எவை என்று தனியாக எடுத்தேன். தொலைநோக்கி நன்றாக விழித்திருந்தும் வராத நாட்கள் மூன்றுதான். பிப்ரவரி 5, 6, 7.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

அண்ணா, நீ வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் என்ன செய்கிறாய்?

கோரா

•

29 மார்ச் 2019

அன்புள்ள கோரா,

டாட்டி சுகமில்லை. இந்த வரியை எழுத எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. ஆற்றுப் பாலத்தில் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். "பஸ் இன்னும் வரல ராய்ஸ்" என்றாள். அந்தப் பாலத்தில் பஸ் நின்று இருபது வருஷம் ஆகிறது. டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

டிசம்பரில் மறுபடி கிளம்பிவிட்டாள், பனியில். அதற்குப் பிறகு கம்பியில்லாத கதவு மணி ஒன்று வாங்கினேன். அவள் கதவைத் திறந்தால் எதிரே ஹோபர்ட் வீட்டு அடுப்படியில் அடிக்கும். நான் கிளம்பும்போது சுவிட்சைப் போடுவேன், வந்ததும் அணைப்பேன். போடும்போது மணி ரேடியோவில் ஒரு கீச்சொலி போடும், மேலிருந்து கீழே. நீ விசில் என்று எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியை என் வாசலில் நிறுத்திப் பார்த்தேன். முள் துள்ளியது. பதினோரு வருஷம் அடுத்த வீட்டுச் சூட்டு மெத்தையைப் பிடுங்கியவன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

முப்பத்தொரு வீடு தேடினேன். முப்பத்திரண்டாவது என் வீடு. அறிக்கையில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை, ஆனால் அது முழுக்கப் பொய். உன் கட்டுரையில் என் பெயர் முதலில் என்று எழுதியிருந்தாயே, அன்று சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு காலையும் சுவிட்சில் கை வைக்கும்போது உன் முகம் வரும். போடாமல் போனால் பாலம் கண்ணுக்குள் வரும். போட்டுவிடுவேன்.

நேற்று நிலையத் தலைவி அர்லீனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே நாள்ல கம்பி இழுத்துக் குடுத்திருப்போமே, மடையா! எதுக்கு ஒளிச்சே?" என்றாள். வண்டிச் சாவியை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டாள். அதைவிட அந்தக் கேள்விதான் வலித்தது. விதிக்குப் பயந்து நான் ஒளிக்கவில்லை. டாட்டிக்கு என்ன என்று ஒருவர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பயந்தேன்.

உன் நட்சத்திரத்தை நான்தான் அணைத்தேன். நேர்முகத்தில் என்ன வேண்டுமானாலும் சொல். என் பெயரோடு சொல்.

ராய்ஸ்

•

பிட்ஸ்பர்க்
14 ஏப்ரல் 2019

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் அப்படிக் கோபம். நட்சத்திரம் போனதற்கு இல்லை. கிறிஸ்துமஸுக்கு மலைப்பாதை மோசம் என்று எழுதினாயே, அதற்கு. மூன்றாம் நாள் என் மேலேயே கோபம் வந்தது. அண்ணி இரண்டு முறை ஒரே வரியை எழுதினார். ஜாடை தேடுவதே பிழைப்பாக வைத்திருக்கிறவள் நான், அதை வைத்துக் கேலி செய்தேன்.

கட்டுரையை நிறுத்திவிட்டோம். கலிபோர்னியாவில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டுபிடிப்பைப் பற்றிய படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். கடிகாரம் மாறிய இடம் வந்ததும் சிரித்தார்கள், கதவு மணி வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசியில் முன்வரிசையில் ஒரு பெரியவர், "சரி, அப்ப நீங்க கண்டுபிடிச்சதுதான் என்ன?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் ஆறு மாசமா யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயத்தை," என்றேன். "நூற்றுக்குத் தொண்ணூற்றேழுன்னு நம்பிக்கையாக் கண்டுபிடிச்சோம். ஆனா தப்பான இடத்துல."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா, பரிதாபமா, தெரியவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் ஒன்று தோன்றியது. பிஸ்கட்டுக்கு மண், விண் என்று இரண்டே பதில்தான் தெரியும். மூன்றாவதாக 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எப்படிப் பழக்குவது? கேட்கச் சுலபம். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. தெரியாததை முன்கூட்டிக் காட்டித்தானே பழக்க முடியும், அதை எங்கே போய் எடுப்பது? மூன்று நாளாக வேறு நினைப்பே இல்லை.

அண்ணிக்கு இப்போது என்னை ஞாபகம் இருக்கிறதா? உண்மையை எழுது.

கோரா

•

12 மே 2019

அன்புள்ள கோரா,

நான் நலம். டாட்டி சில நாள் நலம், சில நாள் இல்லை. இனிமேல் இப்படித்தான் எழுதுவேன்.

கதவிலிருந்து ஹோபர்ட் வீடு வரை சாலைக்கு அடியில் கம்பி இழுத்தாகிவிட்டது. குழி தோண்டியது ஹோபர்ட். "பதினோரு வருஷமா என் கோழியை நடுங்க வெச்சியே, இப்ப உன் முறை" என்று சொல்லிச் சொல்லித் தோண்டினான். வியர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

சாவி திரும்பக் கிடைத்தது. நோட்டில் முதல் வேலையாக இதை எழுதினேன். உன் பிஸ்கட்டுக்குப் பாடம் வேண்டுமே, அப்படியே தருகிறேன்: 'ராய்ஸ் ஆர்போகாஸ்ட் வீடு. கம்பியில்லாக் கதவு மணி. டிசம்பர் முதல் மார்ச் வரை, வேலை நாட்களில், காலை ஆறரை. காரணம்: மனைவிக்கு நினைவு தப்புகிறது. கண்டுபிடித்தவர்: தங்கை.'

காரணம் எழுத அந்த நோட்டில் இடமே கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.

உன்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். சில நாள் பெயர் வரவில்லை. இன்று பேனாவை என் கையிலிருந்து அவளே வாங்கினாள்.

ராய்ஸ்

கோரா, பேரிக்காய் ஜாம் ரெண்டு பாட்டில் அனுப்பியிருக்கேன். கிடைச்சுதா

•

பிட்ஸ்பர்க்
26 மே 2019

அன்புள்ள டாட்டி அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம்.

ராய்ஸ் அண்ணாவிடம் சொல்லுங்கள், கலிபோர்னியா வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் அழுதேன், பிறகு சாப்பிட்டேன். பேராசிரியர் இன்னும் ஒரு வருஷத்துக்கு என்னை வைத்துக்கொள்கிறார், 'தெரியாது' என்று சொல்லும் பிஸ்கட்டைச் செய்ய. அதற்குக் கம்பி போட்ட ஒரு கணினியும் ஒரு மேஜையும் போதும். உங்கள் பின்னறையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஜூன் 8 வருகிறேன், கோடை முழுக்க இருப்பேன். காலை ஆறரைக்கு அண்ணன் கிளம்பட்டும், நான் வீட்டில் இருக்கிறேன்.

ஜாம் கிடைத்தது அண்ணி. இரண்டு பாட்டிலும். மூடி இறுக்கமாக இருந்தது, வெந்நீரில் காட்டித் திறந்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.

உங்கள்,
கோரா